மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் பன்னிரண்டு பாடங்கள்

போனில் முதல் தடவை பேசுகிறவர்கள் எல்லோருக்கும் நான் ஆண்பிள்ளைதான். கூரியர்காரரிலிருந்து சிலிண்டர் பதிவு செய்கிற பெண் வரை "சொல்லுங்க சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "சார் இல்லம்மா, மேடம்" என்று திருத்தினால் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இருக்காது. பிறகு "சாரி சார்" என்று வரும். எனக்கு அப்படியொரு கட்டைக் குரல். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஐந்து வருடம் வாயை மட்டும் அசைத்தேன். இன்றைக்கு அந்தக் குரலை வைத்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த டீச்சர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கூடவே கொஞ்சம் பல்வலியும் இருக்கட்டும்.

"குரல் கொடுக்கிற வேலைக்கு எப்படிப் போவது?" என்று இப்போதெல்லாம் நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். கேட்டுவிட்டு, வாயில் சோற்றோடு, ஏதாவது ஒரு நடிகர் மாதிரி பேசியும் காட்டிவிடுகிறார். என் முதல் ஆலோசனை, பந்தியில் வேண்டாம். இரண்டாவது, அடுத்தவர் குரல் அடுத்தவரிடமே இருக்கட்டும். அந்த நடிகர் வேண்டுமென்றால் அவரையே கூப்பிட்டுக்கொள்வார்கள். உங்களிடம் என்ன குரல் இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அது கட்டையாக இருந்தாலும் கீச்சென்று இருந்தாலும் சரி, அதற்கென்று எங்கேயாவது ஒரு வேலை காத்திருக்கும்.

என் குரலுக்கு வேலை கிடைத்தது விழுப்புரத்தில். அங்கே ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஒன்பது வருடம் நின்றேன். வேலை செய்தேன் என்று சொல்லவில்லை, நின்றேன் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. திண்டிவனத்தில் காலையில் ரயில் ஏறினால், ராத்திரி பஸ்ஸில் இடம் கிடைத்தால்தான் உட்காருவேன். ஒரு ஆடி மாதம், வாசலில் மைக் பிடித்துத் தள்ளுபடி சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதலாளி மைக்கை என் கையில் கொடுத்தார்.

"எடுத்துப் பேசும்மா. கூட்டம் உள்ள வரணும், அவ்ளோதான்" என்றார்.

பேசினேன். ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று, எந்த ஆம்பளை பேசுகிறான் என்று தேடினார்கள். தேடிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறை. ஆட்டோவில் கட்டி ஊரெல்லாம் ஓட்டுகிற அறிவிப்புகள் அங்கேதான் பதிவாகும். கடை விடுமுறை நாளில் போய் அவருக்குப் பேசிக் கொடுக்க ஆரம்பித்தேன். திறப்பு விழா, காணாமல் போன எருமை, காதுகுத்து, குடிதண்ணீர் வராத நாள், சாவு எல்லாம் சொன்னேன். நான் போகாத கண்டாச்சிபுரத்துக்கும் முகையூருக்கும் என் குரல் ஆட்டோ ஏறிப் போய்விட்டு வந்தது.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. ஆட்டோ நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நிற்கிற ஆளுக்குப் பத்து நொடிதான் காதில் விழும். அந்தப் பத்து நொடிக்குள் எந்த இடம், என்றைக்கு, என்ன சமாசாரம் என்று மூன்றும் வந்துவிட வேண்டும். அடுத்த பத்து நொடியில் மறுபடி அதே மூன்று. கடைசி எழுத்தை நன்றாக இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூம்பு ஸ்பீக்கர் விழுங்கிவிடும். எனக்கு இது நன்றாகக் கைவந்துவிட்டது. வீட்டில் "சாப்பிட வாங்க" என்பதையே மூன்று தடவை சொல்ல ஆரம்பித்தேன்.

இந்தப் பழக்கம்தான் முதல் பரீட்சையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. ரெக்கார்டிங் கடைக்காரர் மூலமாகச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கேட்டது. பள்ளிப் பிள்ளைகள் போனில் கேட்டுப் படிப்பதற்கு அறிவியல் பாடங்களைக் குரலாகப் பதிவு செய்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பக்கம் அனுப்பினார்கள். இலைகள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று பாடம். படித்து அனுப்பினேன். பதிவு வேலையைப் பார்க்கிற பெண் போன் பண்ணினாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், இன்று வரை நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, குரல் சூப்பரா இருக்கு. ஆனா நீங்க படிக்கறதக் கேட்டா, பச்சையத்துக்கு என்னிக்கு திறப்பு விழான்னு கேக்கத் தோணுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறகு நானே போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரிதான். இலையை ஊருக்கே ஏலம் விட்டிருந்தேன்.

"தெருவுக்குப் பேசாதீங்கக்கா. ஒரே ஒரு ஆளுக்குப் பேசுங்க. அந்த ஆள் யாருன்னு நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள் அவள்.

இந்தத் தொழிலில் நான் கேட்ட ஆலோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். கேட்கிற எல்லோருக்கும் நானும் அதையே சொல்கிறேன். எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போடுங்கள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த ஆளுக்குச் சொல்லுங்கள். என் ஸ்டூலில் நான் உட்கார வைத்தது, கடவுள் வாழ்த்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைத்தான். அவளுக்கு யாரும் எதையும் நிதானமாகச் சொன்னதில்லை. சொல்லிப் பார்த்தேன். குரல் தானாக இறங்கி வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது மாதிரி அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பன்னிரண்டு பாடங்கள், ஒரு மாதம். பிடித்துப்போனால் வரிசையாக எல்லா வகுப்புப் பாடங்களும் எனக்கே வரும். நிபந்தனை ஒன்றுதான். பன்னிரண்டும் ஒரே குரலில், ஒரே அறையில் பேசியதுபோல இருக்க வேண்டும். ஒன்று சொதப்பினாலும் மொத்தத்தையும் வேறொருவரை வைத்துப் பதிவு செய்துவிடுவார்கள்.

முதலாளியிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனுஷர்தான். "ஒரு மாசம் உன் இடத்துல ஆளு போடாம வெக்கிறேன்மா. அதுக்கு மேல என்னால முடியாது. கல்யாண சீசன் வந்துக்கினு இருக்குது" என்றார். சரி என்று வந்துவிட்டேன். முட்டி இரண்டும் தேய்ந்திருக்கிறது, இனிமேல் நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்தப் பன்னிரண்டு பாடம் ஒழுங்காக முடிந்தால் உட்கார்ந்து பிழைக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி கவுன்ட்டர், மறுபடி முட்டிக்குத் தைலம். எனக்கு இருந்தது அந்த ஒரு மாதம்தான்.

மைக் வாங்குவதில் காட்டுகிற கவனத்தில் பாதியையாவது அறையைத் தேடுவதில் காட்டுங்கள் என்று நான் சொல்வது, நான் பட்ட பாட்டினால்தான். முட்டை அட்டை அறையில் ஆட்டோ அறிவிப்புகளுக்கே வரிசை நிற்கும், மாதம் முழுக்க எனக்குக் கிடைக்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. முன்னால் கோயில் ஸ்பீக்கர். இடது பக்கத்து வீட்டில் குக்கர் எத்தனை விசில் என்று எனக்குத் தெரியும், சாதம் குழைந்ததா இல்லையா என்பதும் தெரியும். துணி இருக்கும் இடத்தில் எதிரொலி வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பீரோவுக்குள் புகுந்தேன். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, கல்யாணப் புடவைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு கதவைச் சாத்தினேன். அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறி நாலு வரிக்கு ஒரு தும்மல். ஐந்தாவது தும்மலில் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"இன்னாமே, உள்ள குந்திக்கினு யாரோட பேசிக்கினு கீற?" என்றார்.

"பச்சையத்தோட" என்றேன். அவர் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். காலையில் ஏலம், கூச்சல், வண்டி, தூசி எல்லாம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஒரு ஈ கூட இருக்காது. அடுத்த நாள் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று தூக்குவாளியோடு போனேன். குடோனில் கூரை வரைக்கும் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. அந்தச் சந்தில் நின்று "என்னங்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எங்கேயும் போகவில்லை. வாயை விட்டு வந்ததும் பக்கத்திலேயே நின்றது. முட்டை அட்டை ஒட்டிய அறையில்கூட அப்படி இருந்ததில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இலைப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் வந்து, "பசிக்குதுமே" என்று சொல்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மண்டிக்காரர் "மூட்டையக் கிழிக்காம இருந்தா சரி" என்று விட்டுவிட்டார். தினமும் இரண்டிலிருந்து ஐந்து வரை அந்தச் சந்துதான் என் ஸ்டூடியோ.

அங்கே நான் கற்றுக்கொண்டதை ஒழுங்கில்லாமல் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள். புதுப் புடவை கட்டாதீர்கள், அது உங்களைவிட அதிகமாகப் பேசும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும், வேர்க்கத்தான் வேர்க்கும். வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள், வயிறு கத்துவதை மைக் உங்கள் குரலைவிட ஆசையாக வாங்கிக்கொள்ளும். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டும் உட்காராதீர்கள், பாதிப் பாடத்தில் ஏப்பம் வரும். தயிர் வேண்டாம், வெந்நீர் போதும். படிக்க வேண்டிய தாளில் எங்கே மூச்சு வாங்குவது என்று பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். தப்பு வந்தால் பதறாமல் அந்தப் பத்தியின் தலையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். நான் ஒவ்வொரு பத்தியையும் மூன்று நான்கு தடவை படிக்கிற ஆள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

முக்கியமாக, வறுத்த மல்லாட்டை தின்றுவிட்டு மைக் முன்னால் வராதீர்கள். தொண்டையில் பொடி ஒட்டிக்கொண்டு குரல் கரகரக்கும். குடோன் நிறைய மல்லாட்டையை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட வாயில் போடாமல் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. பேச ஆரம்பிப்பதற்கு முன் பத்து நொடி சும்மா இருந்து, அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். ஆள் பேசாதபோதும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. பதிவை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். இதை நான் மறக்காமல் செய்தேன். அந்தச் சத்தம் ஒரு நாள் மாறிப்போகும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது பாடம் முடிந்திருந்தது. மீதி மூன்றையும் திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். முதலாளி கொடுத்த மாதமும் அன்றைக்கே முடிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்தாவது பாடத்தோடு போய்க் குடோன் கதவைத் தள்ளி, "என்னங்க" என்றேன். "என்னங்க, ன்னங்க, ங்க" என்று திரும்பி வந்தது. உள்ளே ஒரு மூட்டை இல்லை. பெருக்கின தரையும் நாலு சுவரும்தான் இருந்தன. என் பிளாஸ்டிக் ஸ்டூல் மட்டும் நடுவில் அநாதையாக நின்றது.

விலை ஏறிவிட்டதாம், எண்ணெய் ஆலைக்கு மொத்தமாகத் தூக்கிவிட்டார்களாம். காலையிலேயே மூன்று லாரி. எடை போட்டதே என் வீட்டுக்காரர்தான்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். அந்தக் கத்தலும் மூன்று தடவை திரும்பி வந்தது.

"சரக்கு போனா நல்ல சேதிதானே? இதுல உனக்கின்னா பேஜாருன்னு எனக்கெப்டித் தெரியும்? நீ சாக்கப் பாத்தா பேசற?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மண்டியில் மூட்டை இருப்பதே ஒரு நாள் போவதற்குத்தான். போகிற பொருளை நம்பி ஸ்டூடியோ வைத்தவள் நான்தான். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அப்போது அழுகைதான் வந்தது, அழவும் செய்தேன்.

கொஞ்சம் அழுதுவிட்டு, எப்படியாவது தேறுமா என்று அந்த வெறும் குடோனிலேயே பத்தாவது பாடத்தைப் பேசி அனுப்பினேன். சாயங்காலமே போன் வந்தது.

"அக்கா, ரூம் மாத்திட்டீங்களா? கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. ஒம்பதாவது கேட்டுட்டு இதக் கேட்டா பசங்க பயந்துடுவாங்க. திங்கக்கெழம பத்து மணிக்கு எல்லாம் ஏத்தணும். அதுக்குள்ள சரியா வரலேன்னா மேல இருக்கறவங்க வேற வாய்ஸ்தான் போடச் சொல்லுவாங்க. எனக்கு வேற வழி இல்லக்கா" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

சனிக்கிழமை காலையில் பந்தல் கடைக்கு ஓடினேன். மெத்தைகளை வாடகைக்கு எடுத்துச் சுவரில் சாய்க்கலாம் என்று நினைப்பு. ஞாயிறு முகூர்த்தம், ஊரில் இருக்கிற மெத்தை எல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு மண்டிக்கு வந்து குடோன் படியில் உட்கார்ந்தேன்.

குடோனை ஒட்டி ஒரு கொட்டகை. விதைக்கான மல்லாட்டையை மிஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைக்காது என்று, அங்கே எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கையால் உடைப்பார்கள். அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை கையும் வாயும் நிற்காது. நான் பதிவு செய்த நாளில் எல்லாம், இரண்டு மணிக்கு அவர்கள் வேலை முடிந்து கிளம்பட்டும் என்று காத்திருந்தே உள்ளே போவேன். அவர்களில் மூத்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் அக்கா. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, எடைக்காரர் வூட்டம்மா மூஞ்சி இப்டித் தொங்கிப் போய்க் கெடக்குது?"

சொன்னேன். முழுவதையும் கேட்டார். குடோனுக்குள் போய் "ஏய்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அது திரும்பி வந்ததைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

"உனக்கு வேண்டியது மூட்டைதானே? உள்ள பருப்பு கீதா, தோலு கீதான்னு உன் மைக்குக்குத் தெரியவா போவுது?" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால், உடைத்த மல்லாட்டைத் தோல் ஓட்டுக் கூரை உயரத்துக்குக் குவிந்திருந்தது. செங்கல் சூளைக்காரர் வந்து அள்ளுகிற வரை அங்கேயே கிடக்கும். ஒரு மாதமாக அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

எட்டுப் பேரும் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, காலிச் சாக்குகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். இரண்டு பேர் சாக்கு வாயைப் பிடிக்க, இரண்டு பேர் முறத்தால் அள்ளிக் கொட்ட, இரண்டு பேர் தைக்க, இரண்டு பேர் அடுக்க, சாயங்காலத்துக்குள் பழைய சந்து மறுபடி எழும்பிவிட்டது. தோல் மூட்டை கனம் இல்லை, ஒரு கையால் தூக்கி எறியலாம். ஆளுக்கு ஆள் தலைமுடியெல்லாம் தூசி. நான் சந்தில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் திரும்பி வரவில்லை. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாளைக்கிப் பேசு. இன்னிக்கித் தூசி அடங்கட்டும்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு வேலை இல்லாத நாள். நான் மைக்கை வைத்துக்கொண்டிருக்கும்போது ஷேர் ஆட்டோ வந்து நின்றது. எட்டுப் பேரும் இறங்கினார்கள். மூன்று பேர் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு அந்தப் புடவையோடேயே வந்திருந்தார்கள்.

"நேத்து அடுக்குன மூட்டை சரிஞ்சி உன் மேல வுழுந்தா யாரு தூக்கறது?" என்றார் அக்கா. மூட்டையின் கனம் எல்லோருக்கும் தெரியும்.

சந்தின் வாய்ப்பக்கம், மூட்டைகளில் சாய்ந்து வரிசையாகக் குந்தினார்கள். "ஒரு சின்ன சத்தம்கூட வரக் கூடாதுக்கா" என்றேன். அத்தனை பேரும் வளையலைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார்கள். நாளெல்லாம் பேசுகிற அந்த எட்டுப் பேரும் மூன்று மணி நேரம் வாய் திறக்கவில்லை. ஒருத்திக்கு இருமல் வந்தபோது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிப்போய், ரோட்டைத் தாண்டி இருமிவிட்டு வந்தாள்.

பத்து முடிந்தது, பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, விதை முளைப்பதைப் பற்றிய பாடம். ஸ்டூலில் வழக்கமான ஆளை உட்கார வைக்கப் பார்த்தேன், அன்றைக்கு அவள் வரவில்லை. எதிரில் நிஜமாகவே ஆட்கள் இருக்கும்போது அவள் எதற்கு? அக்காவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் தடுக்கினேன், மறுபடி படித்தேன். மூன்றாவதில் தடுக்கினேன். நாலாவது தடவை படிக்கும்போது நிமிர்ந்தால், அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் சொல்லச் சொல்ல, அதே வார்த்தைகளுக்கு, சத்தமில்லாமல். எனக்குக் குரல் உடைந்துவிடும்போல இருந்தது. தாளைப் பார்த்து மூச்சுக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு எப்படியோ முடித்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதேமுக்காலுக்குச் சென்னையிலிருந்து போன்.

"அக்கா, கடைசி மூணும் மத்த ஒம்பதோட அப்டியே ஒட்டிக்கிச்சு. மேல எல்லாருக்கும் ஓகே. அடுத்த வகுப்புப் பாடம் இன்னிக்கே அனுப்பறேன். ஆமா, ரூம்ல என்னதான் பண்ணீங்க?"

"தோல் போட்டோம்மா."

"லெதரா?"

விளக்கப் பொறுமையில்லை, "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து முதலாளிக்குப் போன் போட்டேன். என் போனில் சார்ஜ் இல்லை, வீட்டுக்காரர் போனிலிருந்துதான் போட்டேன். எடுத்ததும், "சொல்லுங்க சார்" என்றார். ஒன்பது வருடம் கூடவே நின்ற மனுஷர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முதலாளி, நான்தான். என் எடத்துல வேற ஆளு போட்டுக்கோங்க" என்றேன். "நல்லா இரும்மா. ஆடிக்கு மட்டும் வந்து மைக் புடிச்சிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

மத்தியானம் ஒரு பெட்டி ஜாங்கிரியோடு கொட்டகைக்குப் போனேன். ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு, ஓகே ஆன கதையை இரண்டு தடவை கேட்டார்கள். மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்காவைத் தனியாகப் பிடித்தேன்.

"நேத்து நான் படிக்கும்போது கூடவே இன்னாக்கா சொல்லிக்கினு இருந்தீங்க?"

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பாடந்தான். நான் அஞ்சாவதோட நின்னுட்டேன், இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே. நீ திருப்பித் திருப்பிப் படிச்சியா, மண்டையில ஏறிடுச்சி. சத்தம் வரக் கூடாதுன்னு நீ சொன்னியே, அதான் வாய மட்டும் அசைச்சேன்" என்றார்.

கையைப் பிடித்துக் குடோனுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். தோல் மூட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன. ஸ்டூலில் அவரை உட்கார வைத்தேன். மைக்கை அவர் வாய்க்கு நேராகத் திருப்பினேன். பத்து நொடி சும்மா இருந்தேன்.

"இப்ப சத்தமாச் சொல்லுங்கக்கா" என்றேன்.

முதல் வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். "நிறுத்தாதீங்க, ஓடிக்கினு இருக்குது" என்றேன். பிறகு அவர் நிறுத்தவில்லை. விதை உறங்குவது, தண்ணீர் குடித்து ஊதுவது, வேர் முதலில் இறங்குவது என்று பன்னிரண்டாவது பாடம் முழுவதையும் அவர் பேச்சிலேயே சொன்னார். ஒரு சங்கதி விடவில்லை. முடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, பாடப் புத்தகக்காரர்கள் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்தார்.

"அப்புறம், போட்ட வெதைய காக்கா பொறுக்காம பாத்துக்கணும்."